ஐந்நூறோடு நின்றுபோகும் மடல்

"அண்ணே, மெயில் போட்டாச்சுண்ணே" என்று அந்தத் தம்பி சொன்னபோது இரவு ஒன்பது மணி இருக்கும். காரைக்கால் மாவட்டத்துக் கீழவாஞ்சூரில் சோதனைச்சாவடிக்குச் சற்றுத் தள்ளி ஒரு ஜெராக்ஸ் கடை வாசலில் நின்றிருந்தோம். ஒரு தொழில் திட்டம் பற்றிய கருத்துக் கேட்புக் கூட்டம் மறுநாள் காலை. ஊரில் வீடு வீடாக ஏறி இறங்கி 640 பேரிடம் கையெழுத்து வாங்கியிருந்தான். அதே மனுவை, பெயரை மட்டும் மாற்றி மாற்றி, தன்னுடைய ஒரே ஜிமெயில் கணக்கிலிருந்து 640 தடவை அனுப்புவது அவன் திட்டம். கூட்டாளிகள் இரண்டு பேரும் மதியத்திலிருந்து கூட உட்கார்ந்திருக்கிறார்கள்.

போனை வாங்கிப் பார்த்தேன். நூற்றுக்கும் மேலான மடல்கள் அவுட்பாக்ஸில் வரிசையாக நின்றன. அனுப்பும் எல்லையை எட்டிவிட்டீர்கள் என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஓர் எச்சரிக்கை. அதை அவனும் பார்த்திருக்கிறான். டவர் கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, போனை அணைத்துப் போட்டு, திரும்பத் திரும்ப அனுப்பு பொத்தானை அழுத்தியிருக்கிறான். பிறகு தங்கை பெயரில் புதுக்கணக்கு ஒன்று தொடங்கி மிச்சத்தை அதிலிருந்து அனுப்பப் பார்த்திருக்கிறான். அது சில டஜன் மடல்களிலேயே நின்றுவிட்டது.

"கையெழுத்து வாங்கின காகிதமெல்லாம் எங்கே?"

"வீட்ல இருக்குண்ணே. அதான் மெயில்ல போகுதேன்னு வச்சிட்டேன்."

அந்தக் காகிதக் கட்டுதான் மறுநாள் அவனைக் காப்பாற்றியது. இரண்டு நகல் எடுத்து, பக்கங்களுக்கு எண் போட்டு, கூட்டத்தில் நேரில் கொடுத்து, நகலில் தேதியோடு கையொப்பம் வாங்கிக்கொண்டு வந்தான். எல்லாருக்கும் இப்படி வாய்ப்பதில்லை. மெயில் போட்டாச்சு என்ற நம்பிக்கையில் கடைசித் தேதியைக் கோட்டைவிட்டவர்களை வருஷத்துக்கு நாலைந்து பேரையாவது நான் பார்க்கிறேன். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். இலவச ஜிமெயில் கணக்கிலிருந்து ஒரு நாளில் 500 மடல்களுக்கு மேல் அனுப்ப முடியாது. ஒரே மடலில் 500 பேருக்கு மேல் முகவரி போடவும் முடியாது. மீறினால் 1 மணி நேரத்திலிருந்து 24 மணி நேரம் வரை அந்தக் கணக்கிலிருந்து எதுவும் வெளியே போகாது. உள்ளே வருகிற மடல்கள் வழக்கம்போல் வந்துகொண்டிருக்கும். அதனால்தான் பலருக்குத் தங்கள் கணக்கு நின்றிருப்பதே தெரிவதில்லை.

எண்ணும்போது 'டூ', 'சிசி', 'பிசிசி' மூன்று கட்டங்களிலும் உள்ள ஒவ்வொரு முகவரியையும் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் ஆபத்தில்லாத கணக்கு. போனில் 'ஊர்க்காரர்கள்' என்று லேபிள் போட்டு 200 பேரைச் சேர்த்து வைத்திருப்பீர்கள். அந்த ஒரு பெயரைத் தட்டினாலும் போவது 200 பேருக்குத்தான். காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்று இரண்டு மடல் போட்டால் 400 ஆகிவிடும்.

மைக்ரோசாஃப்டின் அவுட்லுக்கில் காசு கட்டும் சந்தாதாரர்களுக்கு ஒரு நாளைக்கு 5,000 பேர், ஒரு மடலுக்கு 500 பேர் என்று வரம்பு. இலவசக் கணக்குக்கு அதைவிடக் குறைவு. புதிதாகத் தொடங்கிய கணக்குக்கு இன்னும் குறைவு. நல்லவிதமாகப் பயன்படுத்தி நம்பிக்கை ஏற்பட்ட பிறகே கூட்டுவார்கள். தங்கை பெயரில் தொடங்கிய கணக்கு ஏன் நின்றது என்பது இதிலிருந்து புரியும். எந்த நிறுவனமும் நேற்றுப் பிறந்த கணக்கை நம்பாது. இன்று கணக்குத் தொடங்கி இன்றே நூறு பேருக்கு மடல் போடாதீர்கள்.

ஏன் இந்தக் கட்டுப்பாடு என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. கேட்காத விளம்பர மடல் 1978 மே 3 அன்று அமெரிக்காவில் ஒரு கணினி விற்பனையாளர் சுமார் 400 பேருக்கு அனுப்பியதிலிருந்து தொடங்குகிறது. இலவசக் கணக்குகளுக்கு வரம்பு இல்லாவிட்டால் மோசடிக்காரர்கள் நாளொன்றுக்கு லட்சக்கணக்கில் அனுப்புவார்கள். வரம்பு நியாயமானதுதான். நம்மவர்கள் அதைத் தெரிந்துகொள்ளாமல் கடைசி நாளில் போய் முட்டிக்கொள்வதுதான் தாங்க முடியவில்லை.

வேலை தேடுகிற பிள்ளைகள் முட்டிக்கொள்வது இன்னொரு விதம். நாகூர், வாஞ்சூர், திருமலைராயன்பட்டினம் பக்கத்துப் பையன்களுக்கு வளைகுடா, சிங்கப்பூர், கப்பல் வேலை என்று மூன்று கனவு. கம்பெனி மெயில் ஐடி பட்டியல் என்று யாரோ விற்பதைக் காசு கொடுத்து வாங்கி, அறுநூறு எழுநூறு முகவரிக்கு ஒரே பயோடேட்டாவை ஒரே ராத்திரியில் அனுப்புகிறார்கள். அந்த முகவரிகளில் பாதி செத்துப்போனவை. இல்லாத முகவரிகளுக்குக் கூட்டமாக அனுப்புவது மோசடிக்காரர்கள் செய்கிற வேலை என்பதால், 500 தொடுவதற்கு முன்னாலேயே கணக்கை நிறுத்திவிடுவார்கள். இப்படி நின்றுபோன கணக்கோடு ஒரு பையன் என்னிடம் வந்தான். உண்மையாகவே அழைத்த ஒரு நிறுவனம் பாஸ்போர்ட் நகலை அன்றைக்கே கேட்டிருந்தது. பதில் அனுப்ப முடியாமல் தவித்தான். வேறு பழைய கணக்கிலிருந்து அனுப்பி, அந்த நிறுவனத்துக்குப் போன் செய்து, இந்த முகவரியிலிருந்து வந்திருப்பது நான்தான் என்று சொல்ல வைத்தோம்.

நாளொன்றுக்கு இருபது முப்பது நிறுவனங்கள் போதும். நிறுவனத்தின் பெயரும் வேலையின் பெயரும் மடலில் இருக்கட்டும். விலைக்கு விற்கிற பட்டியலை வாங்காதீர்கள். அறுநூறு பேருக்கு நாங்களே அனுப்பித் தருகிறோம், மெயில் ஐடியும் பாஸ்வேர்டும் கொடுங்கள் என்று கேட்கிற கடைக்காரரிடம் பாஸ்வேர்டைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். இதே எச்சரிக்கையைக் கீழே மறுபடி எழுதுவேன். ஒரு தடவை சொன்னால் யாரும் கேட்பதில்லை.

ஊர்ச் சங்கங்கள் விஷயம் வேறு. காரைக்கால் பிள்ளைகள் பிரான்ஸ், சிங்கப்பூர், மலேசியா என்று பரவிக் கிடக்கிறார்கள். திருவிழா அழைப்பிதழ், பள்ளி ஆண்டு விழா, கட்டட நிதி என்று முந்நூறு பேருக்கு ஒரே மடல் போகும். முந்நூறு முகவரியும் 'டூ' கட்டத்தில் வெட்டவெளிச்சமாக இருக்கும். யாராவது ஒருவர் எல்லாருக்கும் பதில் என்பதைத் தட்டி வாழ்த்துச் சொல்வார். அவர் கணக்கில் 300 போய்விடும். அதைவிட மோசம், அந்தப் பட்டியல் ஒரு திருடன் கையில் கிடைத்தால், செயலாளர் பெயரிலேயே நன்கொடை கேட்டு மறுவாரம் ஒரு மடல் வரும். பட்டியலை 'பிசிசி' கட்டத்தில் போடுங்கள். அடிக்கடி அனுப்புகிற சங்கமாக இருந்தால் கூகுள் குரூப்ஸில் ஒரு குழு முகவரி வாங்கிக்கொள்ளுங்கள். அது இலவசம். குழு முகவரி ஒன்றுக்கு அனுப்பினால் உங்கள் கணக்கில் அது ஒன்று. உறுப்பினர்களைச் சேர்ப்பதற்கும் வரம்பு உண்டு என்பதால் விழாவுக்கு ஒரு மாதம் முன்பே அந்த வேலையைத் தொடங்க வேண்டும்.

தொழில் செய்கிறவர்கள் இலவசக் கணக்கை நம்பியிருப்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. காரைக்கால் துறைமுகத்தை ஒட்டி வாஞ்சூரில் சிறு சிறு அலுவலகங்கள் இருக்கின்றன. லாரி ஏற்பாடு, சரக்குக் காகிதம், பில்கள் எல்லாம் ஓர் இலவச ஜிமெயிலில் ஓடுகின்றன. கப்பல் வருகிற அன்று அது நின்றால் என்ன ஆகும்? கூகுளின் கட்டணச் சேவையான வொர்க்ஸ்பேஸில் ஒரு கணக்குக்கு ஒரு நாளைக்கு 2,000 மடல்கள் வரை போகும்; சோதனைக் காலத்தில் மட்டும் 500. மாதம் சில நூறு ரூபாய்ச் செலவு. காசு கட்டுவதால் கிடைக்கிற இன்னொரு பெரிய உரிமையைப் பிறகு சொல்கிறேன்.

கணக்கு நின்றுவிட்டால் முதல் வேலை, நிறுத்துங்கள். அனுப்பு பொத்தானை மறுபடி மறுபடி அழுத்தாதீர்கள். புதுக்கணக்குத் தொடங்காதீர்கள். தானாகச் சரியாகும், அதிகபட்சம் 24 மணி நேரம். அதற்குள் அவுட்பாக்ஸைத் திறந்து எவையெவை போகவில்லை என்று பட்டியல் எடுங்கள். 'சென்ட்' பெட்டியில் இருப்பதெல்லாம் போய்ச் சேர்ந்தவை என்று நினைத்துவிடாதீர்கள். 'மெயில் டெலிவரி சப்சிஸ்டம்' என்ற பெயரில் திரும்பி வந்த மடல்கள் இருக்கின்றனவா என்று இன்பாக்ஸிலும் ஸ்பேம் பெட்டியிலும் பாருங்கள்.

திரும்பி வந்த மடலில் மூன்றிலக்க எண் ஒன்று இருக்கும். பயந்து மூடிவிடாமல் அதைப் படியுங்கள். 4 என்று தொடங்கினால் தற்காலிகத் தடை. அவர்களே மறுபடி முயல்வார்கள். 5 என்று தொடங்கினால் அந்த மடல் செத்தது. நீங்கள்தான் மறுபடி அனுப்ப வேண்டும். 550 என்று போட்டு, பக்கத்தில் 5.4.5 இருந்தால் உங்கள் நாள் வரம்பு முடிந்தது. 5.1.1 இருந்தால் அப்படியொரு முகவரியே இல்லை. 552, 5.2.2 என்று வந்தால் வாங்குகிறவருடைய பெட்டி நிரம்பி வழிகிறது.

இந்தக் கடைசி எண் அரசு அலுவலகங்களிலிருந்து வரும்போது எனக்குக் கோபம் வருகிறது. அறிவிப்பில் ஒரு மெயில் ஐடி அச்சிட்டிருப்பார்கள். மனுக்களை அதற்கு அனுப்புங்கள் என்றும் எழுதியிருப்பார்கள். அனுப்பினால் பெட்டி நிரம்பியிருக்கிறது என்று திரும்பி வரும். அந்த மெயிலைத் திறந்து பார்க்கிற பொறுப்பு யாருக்கு என்று அலுவலகத்தில் கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். அரசு முகவரியை விட்டுவிட்டு அதிகாரி தன் சொந்த ஜிமெயிலை அச்சிட்டிருந்த அறிவிப்புகளும் உண்டு. அவர் மாற்றலாகிப் போனபின் அந்த முகவரிக்குப் போகிற மனுக்களுக்கு யார் பொறுப்பு?

உங்கள் பெட்டியும் நிரம்பலாம். கூகுள் தருகிற 15 ஜிபி இடம் மெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து. கல்யாண வீடியோக்கள் அதை நிரப்பினால் உங்களுக்கு வர வேண்டிய மடல் அனுப்பினவருக்கே திரும்பிப் போகும். நீங்களும் அனுப்ப முடியாது. புதுச்சேரிக் கல்லூரிகளுக்கான சென்டாக் சேர்க்கை நடக்கிற மாதங்களில் பிள்ளைகளின் மெயில் பெட்டியில் இடம் இருக்கிறதா என்று பெற்றோர் வாரம் ஒரு தடவை பாருங்கள். இரண்டு வருஷம் தொடாத கணக்கைக் கூகுள் அழித்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். அந்த நடைமுறை 2023 டிசம்பரிலிருந்து இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து விடுப்பில் வந்தபோது தொடங்கி அப்படியே விட்ட கணக்குகள் நம் பக்கத்தில் ஏராளம்.

இணைப்பு 25 எம்பிக்கு மேல் போகாது. பெரிதாக இருந்தால் ஜிமெயில் அதை டிரைவில் ஏற்றி இணைப்புச் சுட்டியாக அனுப்பும். அந்தச் சுட்டியைத் திறக்கும் அனுமதியைக் கொடுக்க மறந்துவிடுவார்கள். அலுவலகத்தில் திறந்தால் அனுமதி கேட்டு நிற்கும். அனுமதி கேட்டு எழுதுகிற அதிகாரியை நான் இதுவரை பார்த்ததில்லை. மனுவை 150 அல்லது 200 டிபிஐ அளவில் கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். நாற்பது பக்கமும் சில எம்பியில் அடங்கிவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது

தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000, 13ஆம் பிரிவு, மின்னணு ஆவணம் எப்போது அனுப்பப்பட்டதாகும், எப்போது பெறப்பட்டதாகும் என்று தெளிவாகச் சொல்கிறது. அனுப்புகிறவரின் கட்டுப்பாட்டுக்கு வெளியே உள்ள கணினி அமைப்புக்குள் அது நுழையும்போதுதான் அனுப்பியதாகக் கணக்கு. உங்கள் போனின் அவுட்பாக்ஸில் நிற்கிற மடல் சட்டப்படி அனுப்பப்படவே இல்லை. பெறுகிறவர் இந்த முகவரிக்கு அனுப்புங்கள் என்று ஒன்றைக் குறித்திருந்தால், அதற்குள் நுழைகிற நேரம்தான் பெற்ற நேரம். குறிக்காத வேறு முகவரிக்கு அனுப்பினால், அவர் அதைத் திறந்து எடுக்கும்போதுதான் பெற்றதாகும். அதனால் அறிவிப்பில் உள்ள முகவரியை எழுத்துக்கு எழுத்து சரிபார்த்து அதற்கே அனுப்புங்கள். தெரிந்த அதிகாரியின் சொந்த முகவரிக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள்.

சாட்சியைக் கையில் வைத்திருங்கள். மனுவை அனுப்பும்போதே உங்களுடைய வேறொரு நிறுவனத்துக் கணக்குக்கு ஒரு நகல் 'பிசிசி' போடுங்கள். அங்கே வந்து விழுந்தால் மடல் உங்கள் கையை விட்டுப் போயிருக்கிறது. பிறகு கணினியில் அந்த மடலைத் திறந்து, மூன்று புள்ளியைத் தட்டி, 'ஷோ ஒரிஜினல்' என்பதைத் திறந்து, கோப்பாக இறக்கி வையுங்கள். மடலுக்கான தனி எண்ணும் நேரமும் அதில் இருக்கும். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. வழக்கு என்று வந்தால், 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவின்படி மின்னணு ஆவணத்தோடு சான்றிதழ் கொடுக்க வேண்டும். அதற்கு மூலக்கோப்பு வேண்டும்.

கூட்டாகக் குரல் கொடுப்பவர்களுக்கு 2015இல் நடந்ததை நினைவூட்டுகிறேன். அந்த ஆண்டு மார்ச் 27 அன்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் இணையச் சமநிலை பற்றிய கலந்தாய்வு அறிக்கை வெளியிட்டது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மடல்கள் போய்ச் சேர்ந்தன. போனதற்குக் காரணம், ஒவ்வொருவரும் தத்தம் கணக்கிலிருந்து அனுப்பினார்கள். ஒரு பையன் உட்கார்ந்து அத்தனை பேருக்காகவும் அனுப்பவில்லை. ஆனால் ஏப்ரல் 27 அன்று டிராய் அந்த மடல்களை அனுப்பியவர்களின் முகவரிகளோடு சேர்த்து இணையத்தில் போட்டுவிட்டது. பொதுக்கருத்து அனுப்பும்போது உங்கள் முகவரி வெளியாகலாம் என்பதை மனத்தில் வைத்து, அதற்கென்று தனிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

2020இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கைக்கு எதிராக அமைச்சரின் முகவரிக்கு மடல்கள் குவிந்தபோது, இளைஞர் அமைப்பு ஒன்றின் இணையதளத்தை முடக்கச் சொல்லி தில்லிக் காவல்துறை நோட்டீஸ் அனுப்பியது. அதில் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தையே காட்டியிருந்தார்கள். தவறுதலாகச் சேர்ந்துவிட்டது என்று சொல்லிப் பிறகு அதைத் திரும்பப் பெற்றார்கள். மனு அனுப்புவது குற்றமில்லை. யாரும் பயந்து ஒதுங்க வேண்டியதில்லை. உங்கள் மடல் உங்கள் சொந்தச் சொற்களில், உங்கள் பெயரோடும் முகவரியோடும் இருந்தால் அதைத் தொல்லை மடல் என்று யாரும் தள்ளிவிட முடியாது.

கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு உண்டு. நம் பக்கத்துக்கு அதை நடத்துவது புதுச்சேரி மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமம். துறைமுகத்து நிலக்கரித் தூசி பற்றி மனு எழுதுகிற நாகூர்க்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சாலையைத் தாண்டினால் தமிழ்நாடு என்பதால் நாகப்பட்டினம் ஆட்சியருக்கு மட்டும் மெயில் அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். துறைமுகம் காரைக்கால் மாவட்டத்தில் இருக்கிறது. மனு காரைக்கால் ஆட்சியருக்கும் புதுச்சேரிக் குழுமத்துக்கும் போக வேண்டும். மெயிலோடு நிற்காமல் காகிதத்திலும் போகட்டும். ஆட்சியர் அலுவலகத் தபால் பிரிவில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். முத்திரை தர மறுத்தால் அன்றே தபால் நிலையத்துக்குப் போங்கள். பதிவுத் தபால் 2025இல் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டது. கவுன்டரில் பதிவுச் சேவையோடு விரைவுத் தபால் என்று வாய்விட்டுக் கேளுங்கள். ரசீதை அதே நகலோடு குத்தி வையுங்கள். கூட்டம் முடிந்ததும் நடவடிக்கைக் குறிப்பை ஊராட்சி அலுவலகத்திலும் ஆட்சியர் அலுவலகத்திலும் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். நமக்கு அது திருமலைராயன்பட்டினம் கொம்யூன் பஞ்சாயத்து. போய்ப் படியுங்கள். உங்கள் மனு கணக்கில் வந்திருக்கிறதா என்று பாருங்கள். இதுவரை யாரும் போய்ப் பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை.

மற்ற குறைகளுக்கு மத்திய அரசின் பொதுக் குறைதீர் தளமான சிபிகிராம்ஸில் பதிவு செய்யலாம். மெயிலுக்குக் கிடைக்காத ஒன்று அங்கே கிடைக்கும்: பதிவு எண். 21 நாளில் தீர்க்க வேண்டும் என்பது 2024இல் வந்த நெறிமுறை. தீர்வு பிடிக்காவிட்டால் மேல்முறையீடும் உண்டு.

மெயில் வரவேயில்லை என்று அலுவலகம் சாதித்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். இன்ன தேதி, இன்ன நேரம், இன்ன முகவரிக்கு நான் அனுப்பிய மனுவின் மேல் எடுத்த நடவடிக்கை என்ன, கோப்பு எண் என்ன, இப்போது யாரிடம் இருக்கிறது என்ற மூன்று கேள்வி போதும். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே துறையில் முதல் மேல்முறையீடு. அதற்கும் மேலே 90 நாளுக்குள் இரண்டாம் மேல்முறையீடு. இங்கேதான் நம் ஆட்கள் தப்பு செய்கிறார்கள். நாகூரிலுள்ள அலுவலகத்தைப் பற்றியது என்றால் சென்னையிலுள்ள மாநிலத் தகவல் ஆணையம். வாஞ்சூரில், அதாவது புதுச்சேரி அரசின் அலுவலகம் என்றால் புது தில்லியிலுள்ள மத்தியத் தகவல் ஆணையம். சென்னைக்கு அனுப்பி மூன்று மாதத்தை வீணாக்காதீர்கள்.

இலவசக் கணக்குக்கு என்ன உரிமை

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, கட்டணமில்லாமல் தருகிற சேவையைச் சேவை என்ற வரையறைக்கு வெளியே வைத்திருக்கிறது. இலவச மெயில் நின்றதால் எனக்கு நஷ்டம் என்று நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் கதவு திறக்காது. காசு கட்டிய கணக்குக்கு அந்தக் கதவு உண்டு. பிழைப்புக்காகச் சொந்தமாகத் தொழில் செய்கிறவரையும் அந்தச் சட்டம் நுகர்வோராகவே பார்க்கிறது. முன்னே சொன்ன பெரிய உரிமை இதுதான். மனுவை அனுப்பித் தர பிரவுசிங் சென்டருக்கு ஐம்பது ரூபாய் கொடுத்திருந்தாலும் அது கட்டணச் சேவை. என்ன வேலைக்கு என்று எழுதிய ரசீது கேட்டு வாங்குங்கள். அனுப்பிய மடலின் அச்சுப் பிரதியையும் வாங்காமல் கடையை விட்டு இறங்காதீர்கள்.

வரம்பு மீறியதற்காக ஒரு நாள் நிறுத்துவதை எதிர்த்து எங்கும் போக முடியாது. கணக்கையே முடக்கிவிட்டால் வழி உண்டு. உள்நுழையும்போது வருகிற திரையிலேயே முறையீடு செய்யும் பொத்தான் இருக்கும். அதில் கோபத்தைக் கொட்டாமல், என்ன அனுப்பினேன், யாருக்கு, ஏன் என்று நாலு வரியில் உண்மையை எழுதுங்கள். அதில் தீராவிட்டால் அந்த நிறுவனத்தின் இந்தியக் குறைதீர் அதிகாரிக்கு எழுத வேண்டும். 2021ஆம் ஆண்டின் இடைநிலையாளர் விதிகளின்படி அவர் பெயரும் தொடர்பு முகவரியும் நிறுவனத்தின் தளத்தில் இருந்தாக வேண்டும். 24 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும். தீர்வுக்கு அந்த விதிகள் வந்தபோது 15 நாள் கெடு வைத்தார்கள். அவர் முடிவு சரியில்லை என்றால் 30 நாளுக்குள் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். 2023இல் அமைக்கப்பட்ட இந்தக் குழுக்கள் முழுக்க இணைய வழியிலேயே இயங்குகின்றன. கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். அதிகாரிக்கு எழுதிய மடலும் அவருடைய பதிலும் இணைப்பாக வேண்டும் என்பதால், இதற்கான கடிதப் போக்குவரத்தை முடங்காத வேறு கணக்கிலிருந்து நடத்துங்கள்.

நீங்கள் யாருக்கும் கூட்டமாக அனுப்பாமலே வரம்பு முடிந்தது என்று வந்தால் அது வேறு விஷயம், அவசர விஷயம். உங்கள் கணக்குக்குள் யாரோ புகுந்து உங்கள் பெயரில் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். தெரியாத முகவரிகளிலிருந்து மடல்கள் திரும்பி வந்தபடி இருப்பது அதன் அடையாளம். பாஸ்வேர்டை யாரிடமும் கொடுக்காதீர்கள் என்று மேலே எழுதியது இதற்காகத்தான். சரக்குக் காகிதம் பார்க்கிற ஓர் அலுவலகத்தில் இப்படிப் புகுந்தவன், அவர்களுடைய வாடிக்கையாளருக்கு வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டது என்று மடல் போட்டான். பணம் அவன் கணக்குக்குப் போயிற்று.

உடனே வேறு கணினியிலிருந்து பாஸ்வேர்டை மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்றுங்கள். அமைப்புகளில் மடலை வேறு முகவரிக்குத் திருப்பிவிடும் ஏற்பாடும், மடலை மறைக்கிற வடிகட்டிகளும் இருக்கும். திருடன் அவற்றை விட்டுவிட்டுப் போயிருப்பான், தேடி அழியுங்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள். மீட்புப் போன் எண்ணை அவன் மாற்றியிருந்தாலும் கூகுளில் பழைய எண்ணைக் கொண்டு 7 நாள் வரை மீட்க முயலலாம். எட்டாம் நாள் என்னிடம் வந்து பயனில்லை.

பணம் போயிருந்தால் முதலில் 1930 எண்ணுக்குப் போன். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். பிறகு தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதிவு. அதில் மாநிலம் என்ற இடத்தில் வாஞ்சூர்க்காரர்கள் புதுச்சேரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தமிழ்நாடு என்று போட்டால் புகார் நாகப்பட்டினத்துக்குப் போய் அங்கிருந்து திரும்பி வர நாளாகும். ஆள்மாறாட்ட மோசடிக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி, 66டி பிரிவுகளில் மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்ச ரூபாய் வரை அபராதமும் உண்டு என்பதால், அந்தப் பிரிவு எண்களைப் புகாரில் எழுதுங்கள்.

திருமலைராயன்பட்டினம் காவல் நிலையத்துக்குப் புகாரை மெயிலில் அனுப்பலாமா என்று கேட்கிறார்கள். அனுப்பலாம். பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதையின் 173ஆம் பிரிவு அதற்கு இடம் கொடுக்கிறது. ஆனால் அனுப்பியவர் மூன்று நாளுக்குள் நேரில் வந்து கையெழுத்துப் போட்டால்தான் அது பதிவாகும். மெயில் போட்டாச்சு என்று வீட்டில் இருந்துவிட்டால் நாலாம் நாள் உங்கள் புகார் இல்லை. அடையாள அட்டை, மடலின் அச்சுப் பிரதி, 1930இல் கொடுத்த ஒப்புகை எண் மூன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். முதல் தகவல் அறிக்கையின் நகலைக் காசில்லாமல் தர வேண்டியது அவர்கள் கடமை. நிலையத்தில் வாங்க மறுத்தால், அதே புகாரைக் காரைக்கால் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்புங்கள். அதே பிரிவின் நான்காம் உட்பிரிவு அந்த வழியைத் தருகிறது. உறையின் மேல் பிரிவு எண்ணை எழுதுங்கள்.